செவ்வாய்க்கு ஒரு சல்லடை

செவ்வாய் கிரகத்துல ஒரு ரோவர் நாள் பூரா என்ன செய்யும்? ஊர் சுத்தும், கல் உடைக்கும், படம் எடுக்கும்னு நாம நினைச்சுக்கிறோம். உண்மையில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். காலையில் பூமியிலிருந்து அன்றைய வேலைப்பட்டியல் வரும். அதைச் செய்து முடித்து, எடுத்த படங்களைத் தலைக்கு மேலே பறக்கிற ஆர்பிட்டர் வழியாக அனுப்பிவிட்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும். சிக்னல் ஒரு பக்கம் போய்ச் சேரவே, ரெண்டு கிரகமும் எங்கெங்கே இருக்கு என்பதைப் பொறுத்து 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை ஆகும். அதனால ஜாய்ஸ்டிக் வச்சு வீடியோ கேம் மாதிரி ஓட்டுற கதையெல்லாம் நடக்காது. இதுல இன்னொரு தலைவலி, எடுக்கிறதையெல்லாம் அனுப்பவும் முடியாது. கேமரா பெரிசு, பைப் சின்னது.

அப்போ எதை அனுப்புறது, எதை விடுறது? அதை யார் முடிவு பண்றது? பூமியில் தூங்கி எழுந்து காபி குடித்துவிட்டு வரும் விஞ்ஞானியா, அங்கேயே இருக்கிற பொட்டியா?

இந்தக் கேள்வியோட பல வருஷம் மல்லுக்கட்டினவர்களில் ஒருத்தர் கிரி வாக்ஸ்டாஃப். பேரைப் பார்த்துட்டு நம்மூர் கிரி அண்ணாச்சின்னு நினைச்சுடாதீங்க, அமெரிக்கப் பெண்மணி :-) கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரிக்கு (இனிமே ஜேபிஎல்) வந்து சேர்ந்தவர்.

அவருடைய ஆரம்பகால ஆராய்ச்சிக்கும் விண்வெளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கே-மீன்ஸ் எல்லாரும் காலேஜ்ல படிச்சிருப்பீங்க. ஒரு குவியல் தரவைக் கொடுத்தால், ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கிறதைச் சேர்த்து 'கே' கும்பலாகப் பிரிச்சுக் கொடுக்கும். தரவைப் பற்றி அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நமக்குக் கொஞ்சம் தெரியுமே? 'இந்த ரெண்டும் ஒரே கும்பலில்தான் இருக்கணும்', 'இந்த ரெண்டும் சேரவே கூடாது' என்று சொல்லிக்கொடுத்தால் என்ன? 2001-ல் வாக்ஸ்டாஃபும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை அதைத்தான் செய்தது. அதில் வந்த உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் கார்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்து, சாலையில் எத்தனை லேன், எது எங்கே என்று கண்டுபிடிக்கணும். லேன் மாறாமல் ஓடும் ஒரே காரின் புள்ளிகள் சேர்ந்தே இருக்கணும். பக்கவாட்டில் 4 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ரெண்டு புள்ளி ஒரே லேனாக இருக்க முடியாது. அவ்ளோதான் மேட்டர். நம்மூர் ரோட்டுல இது வேலை செய்யுமான்னு கேக்காதீங்க. அங்கே லேன் என்பதே ஒரு தத்துவம்.

துறை தெரிஞ்சவனின் அறிவை இயந்திரத்துக்குள் நுழைக்கிற இந்தப் புத்தி பிற்பாடு அவர் செய்த எல்லா வேலையிலும் தெரியும். ஜேபிஎல்-லில் வேலை பார்த்துக்கொண்டே 2008-ல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புவியியல் அறிவியலில் ஒரு முதுகலைப் பட்டமும் வாங்கினார். டாக்டரேட் வாங்கினவர் மறுபடி கிளாஸ்ல உட்கார்ந்து பாறை பற்றிப் படிக்கிறதுன்னா சும்மா இல்லீங்க. பாறையைப் பொறுக்குற புரோகிராம் எழுதணும்னா பாறை என்னன்னு தெரிஞ்சிருக்கணும். நம்ம துறையில் எத்தனை பேர் பேங்க் கணக்கே தெரியாமல் பேங்கிங் சாஃப்ட்வேர் எழுதுறோம்!

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். விண்கலத்தின் மண்டைக்குள் முடிவெடுக்கும் மென்பொருளை வைக்கிறது இவர் வருவதற்கு முன்பே தொடங்கிய கதை. 1998 அக்டோபரில் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 என்ற கலத்தில், 1999 மே மாதம் 'ரிமோட் ஏஜென்ட்' என்ற புரோகிராமிடம் கட்டுப்பாட்டைச் சில நாள் கொடுத்துப் பார்த்தார்கள். தானே திட்டம் போடும், தானே நிறைவேற்றும், ஏதாவது கெட்டுப்போனால் தானே கண்டுபிடிக்கும். எழுதியது லிஸ்ப் மொழியில்! முதல் நாள் நல்லாத்தான் போச்சு. மறுநாள் இன்ஜினை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் அப்படியே நின்னுபோச்சு. கலம் அப்போது பூமியிலிருந்து சுமார் 10 கோடி கிலோமீட்டர் தூரத்தில். நோண்டிப் பார்த்தால், ரெண்டு த்ரெட் ஒன்றையொன்று பார்த்துக் காத்துக்கொண்டிருக்கு. டெட்லாக். பொட்டி தட்டுற எல்லாருக்கும் இந்த இடத்தில் வயிறு கலங்கும். இதே ஜாதி பிழையை அந்தக் கோடின் வேறொரு பகுதியில் 1997-லேயே, கணித முறையில் சரிபார்த்தபோது கண்டுபிடித்திருந்தார்கள். இந்தப் பகுதியில் யாரும் தேடவில்லை. பூமியில் நடத்திய சோதனைகளிலும் அது தலைகாட்டவே இல்லை. பேட்ச் அனுப்பலாமா என்று யோசித்து, மறுபடி வர வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று அப்படியே விட்டு, மே 21-ம் தேதி மிச்சச் சோதனையை ஓட்டி முடித்தார்கள். நூறு சதவீத வெற்றி. ஆனாலும் இந்த மாதிரி சம்பவத்துக்கப்புறம் எந்த டேமேஜர்தான் தன் பல நூறு மில்லியன் டாலர் கலத்தின் சாவியைச் சாஃப்ட்வேர் கையில் கொடுப்பார்?

கொடுத்தார்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. 2000 நவம்பரில் ஏவிய இஓ-1 என்ற பூமி ஆய்வுச் செயற்கைக்கோள் தன் ஒரிஜினல் வேலையை முடித்திருந்தது. 'அதுக்கப்புறம் கெட்டாலும் பரவாயில்லை' என்ற நிலையில் இருக்கிற கலம்தான் இந்த மாதிரி ஆட்டத்துக்குச் சரியான மைதானம். ஸ்டீவ் சியென் தலைமையிலான ஜேபிஎல் குழு 2003-லிருந்து அதில் தன் மென்பொருளை ஏற்றியது. படம் எடுத்த உடனே கலத்திலேயே அதை அலசி, எரிமலை சூடாகுதா, ஏரி உறையுதா, வெள்ளம் வந்திருக்கா என்று பார்த்து, சுவாரசியமாக இருந்தால் அடுத்த முறை அதே இடத்தைத் தானே மறுபடி படமெடுக்கும். 2004-ல் அன்டார்க்டிகாவின் எரெபஸ் எரிமலையை இப்படித்தான் பிடித்தது. பனி, நீர், உறைநீர், நிலம் என்று பிரிக்க சப்போர்ட் வெக்டர் மெஷின் வகையைச் சேர்ந்த கற்கும் நிரலும் அதில் ஓடியது. எதில் ஓடியது தெரியுமா? 12 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரில். உங்க பழைய நோக்கியா போன் அதைப் பார்த்துச் சிரிக்கும். அதுவும் கலத்தைப் பறக்கவைக்கிற பிராசஸரில் இல்லை, தரவைச் சேமிக்கும் ரெக்கார்டரின் பிராசஸரில்தான் இவர்களுக்கு இடம். இஓ-1 2017 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை இந்த ஏற்பாடு ஓடியது.

இங்கேதான் வாக்ஸ்டாஃப் கேட்ட ஒரு கேள்வி வருது. விண்வெளியில் கதிர்வீச்சு அதிகம். ஒரு துகள் வந்து மெமரியில் மோதினால் 0 என்பது 1 ஆகிவிடும். அதனால்தான் கலங்களில் கதிர்வீச்சு தாங்கும் ஸ்பெஷல் மெமரி வைக்கிறார்கள். விலையோ யானை விலை, வேகமோ ஆமை வேகம். சரி, மெஷின் லேர்னிங் நிரல்களுக்கு உண்மையிலேயே அவ்வளவு பாதுகாப்பு வேணுமா? அதுங்க ஏற்கனவே தோராயமாகத்தானே கணக்குப் போடுது? ரெண்டு பிட் மாறினால் குடி முழுகிடுமா?

இவரும் பெஞ்சமின் போர்ன்ஸ்டைனும், வால்கிரைண்ட் மேலே எழுதப்பட்ட ஒரு கருவியை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் கே-மீன்ஸ் நிரலின் மெமரியில் வேண்டுமென்றே பிட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். (வால்கிரைண்டில் மெமரி லீக் தேடி விடிய விடியக் கண் எரிந்தவர்கள் கையைத் தூக்கவும்.) 2009-ல் வந்த முடிவு: ஒரு அளவு கதிர்வீச்சு வரைக்கும் கே-மீன்ஸுக்குத் தனிப் பாதுகாப்பே வேண்டாம். அந்த அளவு தரவுக்குத் தரவு மாறும். நிரலுக்குள் இருக்கும் எல்லா டேட்டா ஸ்ட்ரக்சரும் ஒரே மாதிரி நொந்துபோறதில்லை. எவ்வளவு மெமரி பிடிக்குது என்பதை வைத்தும் அதைச் சொல்ல முடியாது. கடைசியா ஒண்ணு சொல்றாங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கே-மீன்ஸை வேகமாக்க நாம எல்லாரும் பெருமையாக உபயோகிக்கும் கேடி-ட்ரீ இருக்கே, அதைப் போட்டால் தாங்கும் சக்தி குறைஞ்சுடுது. புத்திசாலித்தனமா ஆப்டிமைஸ் பண்ணின கோடு சீக்கிரம் ஒடியுது, மக்கு கோடு தாக்குப்பிடிக்குது!

இந்தச் சமயத்தில் செவ்வாயிலும் விஷயம் சூடுபிடித்தது. ஆப்பர்ச்சூனிட்டி ரோவருக்கு 2009 டிசம்பரில் ஏஜிஸ் என்ற மென்பொருளை அனுப்பினார்கள். டாரா எஸ்ட்லின் தலைமையிலான குழு எழுதியது. படத்தில் மூடிய கோடுகளைத் தேடி 'இது கல்லு' என்று பிரிக்கும். அப்புறம் பூமியில் சொல்லிவைத்தபடி, கருப்பாக இருக்கிறதா, உருண்டையா, பெரிசா என்று பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்துத் தானே கிட்டப் படம் எடுக்கும். க்யூரியாசிட்டி ரோவரில் 2016 மே முதல் இதுவே லேசர் துப்பாக்கிக்குக் குறிபார்க்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் வேண்டிய வகைப் பாறையில் படுவது 24 சதவீதம்தான் இருக்கும் என்ற இடத்தில், ஏஜிஸ் 93 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிடித்தது என்று 2017-ல் கட்டுரை வந்தது.

ஆனால் ஏஜிஸ் நாம கேட்டதைத்தான் தேடும். கேட்கத் தெரியாததை? யாரும் எதிர்பார்க்காத ஒரு கல் கிடந்தால்? செவ்வாய்க்குப் போறதே அதுக்குத்தானே!

வாக்ஸ்டாஃபின் டெமட் இந்தக் கேள்விக்குப் பிறந்தது. 2013-ல் வெளியானது. விரிவான பெயரில் 'சுவாரசியமில்லாத தரவு' என்ற சொற்களே இருக்கு. சுவாரசியம் எதுன்னு இயந்திரத்துக்கு விளக்கமுடியாது, நமக்கே தெரியாது. சலிப்பு எதுன்னு சொல்லிடலாம்: ஏற்கனவே பார்த்தது. அதனால் டெமட், பார்த்து முடித்ததையெல்லாம் சேர்த்து ஒரு கணித மாடல் கட்டும் (எஸ்விடி-தான், காலேஜ் மூணாம் செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணினோமே அதேதான்). மிச்சம் இருப்பதில் அந்த மாடலால் எதைச் சரியாக மறுபடி உருவாக்க முடியலையோ, அதை எடுத்து முன்னால் வைக்கும். 'இந்தா, இதைப் பாரு.' நீங்க பார்த்ததும் அதுவும் 'பார்த்தது' கணக்கில் சேர்ந்துடும். அடுத்ததுக்குப் போகும். ஒரே மாதிரி அதிசயத்தைப் பத்து தடவை காட்டி நம்மை நோகடிக்காது.

இதில் அருமையான சமாச்சாரம், ஏன் தேர்ந்தெடுத்தேன்னு காரணமும் சொல்லும். மாடல் எதிர்பார்த்ததுக்கும் உண்மைக்கும் எந்த இடத்தில் வித்தியாசமோ, அதுதான் காரணம். க்யூரியாசிட்டியின் கெம்கேம் கருவி லேசரால் கல்லைச் சுட்டு, வரும் ஒளியை 6,144 புள்ளிகளாகப் பிரித்துத் தரும். அதில் கால்சியத்துக்கான அலைநீளத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், டெமட் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும். விஞ்ஞானி ஒரு பார்வை பார்த்து 'ஆமா, கார்பனேட்டா இருக்கலாம்' என்றோ 'அட, கருவியில் கோளாறுப்பா' என்றோ சொல்லிடுவார். 'மாடல் 0.87 சொல்லுது சார்' என்று சொல்லிவிட்டு நிற்கிற சாஃப்ட்வேரை விஞ்ஞானி நம்பமாட்டார், நம்பவும் கூடாது.

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2012-ல், எடின்பரோவில் நடந்த ஐசிஎம்எல் மாநாட்டில் இவர் ஒரு கட்டுரை கொடுத்தார். அல்காரிதமே இல்லாத கட்டுரை. தன் துறைக்காரர்களைப் பார்த்து, நாம செய்யிறது யாருக்காவது உபயோகப்படுதா என்று கேட்டார். முந்தின வருஷம் அதே மாநாட்டில் வந்த 152 கட்டுரைகளை எடுத்து எண்ணினார். 148-ல் ஏதோ ஒரு சோதனை இருந்தது. அதில் 34 கட்டுரைகள், காலங்காலமாக எல்லாரும் தேய்க்கும் யுசிஐ தரவுகளையோ தாங்களே செயற்கையாகத் தயாரித்த தரவையோ தவிர வேறெதையும் தொடவில்லை. கிடைத்த முடிவுக்கு அந்தத் துறையில் என்ன அர்த்தம் என்று விளக்கினது எத்தனை? ஒண்ணே ஒண்ணு.

யுசிஐ-யில் ஐரிஸ் பூ, காளான் என்று பிரபலமான தரவுகள் உண்டு. ரெண்டிலும் 'என் துல்லியம் இத்தனை சதவீதம்' என்று ஒரே தராசில் நிறுத்துகிறோம். பூவின் வகையை 80 சதவீதம் சரியாகச் சொன்னால் தாவரவியல்காரர் போதும் என்று சொல்லலாம். காளான் விஷமா இல்லையா என்பதில் 80 சதவீதம் போதும்னு சொல்லிட்டு அதைச் சமைச்சுச் சாப்பிடுவீங்களா? எண் ஒண்ணுதான், அதன் விலை வேற. இந்த உதாரணத்தை அவர் சொல்லி வருஷம் பல ஆச்சு. இன்னைக்கும் கிளையன்ட் டெமோவில் அக்யூரசி எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுட்டு, மிச்ச சதவீதத்தில் மாட்டுறவன் யாருன்னு யாரும் கேட்காத மீட்டிங்கில் நான் உட்கார்ந்திருக்கேன். மாதம் ஒரு தடவையாவது.

அந்தக் கட்டுரையில் ஆறு சவால்களையும் வைத்தார். இயந்திரம் சொன்ன நோயறிதலால் ஒரு உயிர் பிழைக்கணும், நல்ல முடிவெடுத்ததால் 10 கோடி டாலர் மிச்சமாகணும், இயந்திர மொழிபெயர்ப்பால் ரெண்டு நாடுகளின் மோதல் தவிர்க்கப்படணும் என்கிற ரேஞ்சில். ஒரு நாட்டின் மனித வளர்ச்சிக் குறியீடு இதனால் 10 சதவீதம் ஏறணும்னும் ஒண்ணு. இந்தக் கடைசியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாடு முன்னேறினால் அதில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மழை, அரசாங்கம் எல்லாத்துக்கும் பங்கு உண்டு. அதில் அல்காரிதத்தின் பங்கைத் தனியே பிரிச்செடுக்கிறது எப்படி? ஆனால் கேள்வியின் திசை சரி. அடுத்தவன் நிரலைவிட அரை சதவீதம் ஜாஸ்தின்னு கட்டுரை போட்டு நகர்ந்துபோகிற ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று, அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒருத்தர் கேட்கிறார். சக ஊழியர்கள் முன்னால இப்படிக் கேட்க தில் வேணும்.

சொன்னதைச் செய்தும் காட்டினார்களா? 2018-ல் 'டீப் மார்ஸ்' என்ற வேலை வந்தது. நாசாவின் கிரகப் படக் களஞ்சியத்தில் படங்கள் கோடிக்கணக்கில் குவிந்துகிடந்தன. தேதி, கேமரா பெயர் வைத்துத் தேடலாம், ஆனால் 'சக்கரம் தெரியிற படம் காட்டு', 'பள்ளம் காட்டு' என்று தேட முடியாது. பூமியில் நாய், பூனை, கார் படங்களில் கற்றுக்கொண்ட நியூரல் நெட்வொர்க்கை எடுத்து, செவ்வாய்ப் படங்களைக் கொஞ்சம் காட்டிப் பழக்கி, களஞ்சியத்தில் ஓடவிட்டார்கள். ரோவர் வருஷக்கணக்கில் ஓடி, தூசி படிந்து, சக்கரம் ஓட்டையாகி, பழைய படங்களில் கற்றது புதிய படங்களுக்குப் பொருந்தாமல் போகிற பிரச்சினையும் வந்தது. அதனால் நிரல் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அதை அளந்து, நல்ல உறுதி உள்ளதை மட்டும் பயனருக்குக் காட்டும்படி வைத்தார்கள்.

அடுத்தது பள்ளங்கள். செவ்வாயைச் சுற்றிவரும் ஒரு கலம் 2006-லிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கேமரா அகலமாக, பிக்சலுக்கு 6 மீட்டர் அளவில் எடுக்கும். விண்கல் புதிதாக விழுந்தால் சுற்றிலும் தூசி சிதறி ஒரு கருப்புக் கறை தெரியும். விஞ்ஞானிகள் அதைக் கண்ணால் தேடுவார்கள், ஒரு படத்துக்குச் சுமார் 40 நிமிஷம். படங்களோ 1,12,000. கணக்குப் போட்டுப் பாருங்க: தினம் 8 மணி நேரம், ஞாயிறு பொங்கல் எதுவும் இல்லாமல் பார்த்தால் 25 வருஷத்துக்கு மேல். வாக்ஸ்டாஃபும் மற்றவர்களும் 6,830 படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல், ஜேபிஎல்-லின் கணினிக் கூட்டத்தில் சராசரியாக ஒரு படத்தை 5 விநாடியில் முடித்தது. அது சுட்டிய ஓர் இடத்தை 2020 ஆகஸ்ட் 26 அன்று இன்னும் கூர்மையான கேமரா படமெடுத்தது. நாக்டிஸ் ஃபோசே என்ற பகுதியில், 2010 மார்ச்சுக்கும் 2012 மே மாதத்துக்கும் நடுவில் எப்போதோ விழுந்து உடைந்த கல் ஒன்றின் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். பெரியதே 4 மீட்டர்தான். எட்டு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

எண்ணிக்கையை விட முக்கியமானது ஒண்ணு உண்டு. மனுஷக் கண் சுலபமாகத் தெரியும் இடத்தில்தான் தேடும், தூசி அதிகமுள்ள பகுதிகளில். அதை வைத்து 'செவ்வாயில் இத்தனை கல் விழுது' என்று கணக்குப் போட்டால் கணக்கே சாய்ஞ்சுடும். பள்ளங்களை எண்ணித்தான் கிரகத்தின் தரைக்கு வயசு சொல்றாங்க என்பதால் இது சின்ன விஷயமில்லை. நிரலுக்கும் சாய்வு உண்டுதான், அதையும் மனுஷன்தானே பழக்கினான். ஆனால் அதன் சாய்வை அளக்கலாம். அலுத்துப்போன மனுஷனின் சாய்வை எப்படி அளக்கிறது?

இதுக்கப்புறம் வருவது யூரோபா. 2019-ல் வாக்ஸ்டாஃபின் குழு, வியாழனின் இந்தத் துணைக்கோளுக்குப் போகும் கிளிப்பர் கலத்தில் என்னென்னவற்றைக் கலத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று செய்து காட்டியது: பனித்தரையில் சூடான இடங்கள், வழக்கத்துக்கு மாறான தாதுக்கள், மேலே பீய்ச்சியடிக்கும் நீரூற்று. கிளிப்பர் 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பியது. வியாழனைச் சேர்வதற்குத் திட்டமிட்ட நாள் 2030 ஏப்ரல். அங்கே உள்ள கதிர்வீச்சைத் தாங்க அதன் எலக்ட்ரானிக்ஸை அலுமினியக் கலவைப் பெட்டகம் ஒன்றுக்குள் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.